சிவனொளிபாதமலை எந்த மாதம், எந்த நேரம், எந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்கெலியாப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் என்பது மட்டும்தான் என் தகுதி. டிசம்பர் பிறந்தால் போதும், போன் அடிக்கத் தொடங்கிவிடும். கொழும்பில் என்னோடு வேலை செய்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வேன் பிடித்து வருபவர்கள், லீவுக்கு வந்து நிற்கும் வெளிநாட்டு உறவுகள் என்று ஆட்கள்தான் மாறுவார்கள், சந்தேகங்கள் அதே சந்தேகங்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எழுதி வைக்கிறேன். வேறு வழி என்று சொல்லாத இடமெல்லாம் அட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை எவ்வளவு உயரம்? நானெல்லாம் ஏறுவேனா?

கடல் மட்டத்திலிருந்து 2,243 மீட்டர், அடிக்கணக்கில் 7,359. இலங்கையில் ஆக உயரமான மலை இது இல்லை, அது நுவரெலியாவில் இருக்கிற பிதுருதலாகலை, 2,524 மீட்டர். 7,359 என்றதும் மலைத்துப்போக வேண்டாம். நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும் நல்லதண்ணியே நல்ல உயரத்தில்தான் இருக்கிறது, அங்கிருந்து காலால் ஏற வேண்டியது சுமார் 1,000 மீட்டர். அது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். சரியான எண்ணிக்கையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், நானும் ஒருமுறை எண்ணத் தொடங்கி இருநூறில் பேச்சுக் கொடுத்த ஒருவரால் விட்டுவிட்டேன்.

சாதாரண ஆரோக்கியம் உள்ள ஒருவர் நின்று நின்று ஏறினால் மூன்றரை, நான்கு மணி நேரம். சந்தேகமாக இருந்தால் போவதற்கு ஒரு மாதம் முன்பே மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் பத்துத் தடவை ஏறி இறங்கிப் பாருங்கள், மலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஏறிய கணக்கு அது. மறுநாள் காலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் என்னைக் கேட்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

சீசன் சீசன் என்கிறார்களே, அது எப்போ தொடங்கி எப்போ முடியும்?

டிசம்பரில் வரும் உந்துவப் போயாவோடு தொடங்கி, மே மாத வெசாக் போயாவோடு முடியும். போயா என்பது பௌர்ணமி, இலங்கையில் எல்லாப் பௌர்ணமியும் அரசு விடுமுறை. பௌர்ணமி மாறுவதால் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும். சீசன் தொடங்கும்போது பெல்மதுளைப் பக்கம் இருக்கிற விகாரையிலிருந்து, இந்த மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் சிலையை ஊர்வலமாகக் கொண்டுபோய் உச்சியில் வைப்பார்கள், முடியும்போது திரும்ப இறக்கிவிடுவார்கள்.

யாத்திரிகர் இல்லாதவருக்கும் இந்தத் தேதிகள் முக்கியம். சீசனில்தான் படிவழி நெடுக விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும், அட்டனிலிருந்து நேராக நல்லதண்ணிக்கு பஸ் ஓடும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் இறங்கி மாறி ஏற வேண்டும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை. அதிலும் செவ்வாய், புதன் மாதிரி ஒரு வாரநாள், போயாவுக்கு நான்கு நாள் முன்னோ பின்னோ தள்ளி. வானம் தெளிவாக இருக்க அதிகம் வாய்ப்புள்ள காலம் அது, விளக்கும் கடையும் இருக்கும், கூட்டமும் ஓரளவுக்குத் தாங்கும். ஒரே ஒரு தடவைதான் வருவேன் என்பவர்களுக்கு நான் வேறு தேதி சொல்வதே இல்லை.

பிள்ளைகளுக்கு டிசம்பர்லதான் லீவு. அப்போ போனா மழையா?

இருக்கலாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று அடித்தாலும் இந்த மலை மத்திய மலைநாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், கிழக்குப் பக்கம் கொட்டுகிற அளவுக்கு இங்கே கொட்டாது. ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் அந்தக் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். மழை, மண்சரிவு, ரயில் பாதை அடைப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும். எனவே தேதியை இரண்டு நாள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த முடிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கிளம்புமுன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

போயா அன்னைக்குப் போனாத்தானே விசேஷம்?

பக்தியோடு போகிறவருக்கு விசேஷம்தான், மறுக்க மாட்டேன். மலை பார்க்கப் போகிறவருக்கு அது வரிசை பார்க்கிற நாள். கடைசிப் பகுதியில் படி செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் ஆகிவிடும், மகாகிரிதம்ப என்பார்கள், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி பிடித்து ஏறுகிற இடம். ஒரு போயா இரவு நானும் தம்பியும் அந்த இடத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். அங்கேயே நின்றோம். ஒரு படி ஏறினால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், எனக்கு முன்னால் நின்ற ஆச்சி ஒருவர் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கி, வரிசை நகரும்போது மட்டும் சரியாக விழித்து ஒரு படி ஏறி மறுபடி தூங்கினார். சூரியன் உதித்ததை அந்த ஆச்சியின் வெள்ளைச் சேலை மஞ்சளானதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

போயா மட்டுமில்லை, சனி ஞாயிறோடு ஒட்டி வரும் எந்த நீண்ட விடுமுறையும் இப்படித்தான்.

ராத்திரியிலதான் ஏறணுமா? பகல்ல ஏறினா தப்பா?

தப்பே இல்லை. எல்லோரும் இரவில் ஏறுகிறார்கள் என்பதால் அதுதான் முறை என்று ஆகிவிட்டது. இரவில் ஏறினால் வெயில் இல்லை, உதயம் பார்க்கலாம், உண்மை. ஆனால் தூக்கம் இல்லாமல் ஏறி, தூக்கம் இல்லாமல் இறங்கி, வழியில் இருக்கும் தேயிலை மலையையும் ஓடையையும் காட்டையும் பார்க்காமலே வந்துவிடுகிறோம். என் சொந்த விருப்பம், விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு நல்லதண்ணியில் கால் வைப்பது. இரவில் ஏறினவர்கள் கூட்டமாக இறங்கி வருவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் காலியான பக்கத்தில் ஏறலாம், ஒன்பது மணிக்குக் கிட்ட உச்சி, ஒரு மணிக்குக் கீழே வந்து சோறு.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தெளிந்த காலையில்கூடப் பத்து மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் எழும்பி உச்சியை மூடிவிடுவது சாதாரணம், பிந்திப் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். அடுத்தது வெயில். மேல்பாதியில் வெயில் முதுகில் விழும், குளிராக இருப்பதால் சுடுவது தெரியாது, மறுநாள் கழுத்தில் தெரியும்.

சூரிய உதயம்தான் வேணும் என்றால் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

உதயம் வருடம் முழுக்க ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். ஜனவரி, பிப்ரவரியில் ஆறரையை ஒட்டி. அதிலிருந்து நான்கரை மணி நேரம் கழித்தால் அதிகாலை 2 மணி, வாரநாளுக்கு இது போதும். பயத்தில் இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்குபவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு மணிக்கே உச்சிக்குப் போய், வியர்வையில் நனைந்த சட்டையோடு சிமெந்துத் தரையில் நான்கு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முந்திவிட்டோம் என்று தெரிந்தால் மேலே போகாமல், வழியில் ஒரு கடையில் பிளேன் டீ வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

முக்கோணமா ஒரு நிழல் விழுமாமே, அது எங்கே?

மேற்குப் பக்கத்தில். உதயம் முடிந்து கை தட்டிவிட்டு எல்லோரும் கீழே இறங்க ஓடும்போது, நீங்கள் மறுபக்கம் போய் நில்லுங்கள். மலையின் நிழல் மூடுபனி மேலும் சமவெளி மேலும் கூர்மையான முக்கோணமாக நீண்டு கிடக்கும். சூரியன் ஏற ஏற நிழல் மலையடியை நோக்கிச் சுருங்கி வரும். காற்றில் ஈரமும் மேற்கில் லேசான மூட்டமும் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் முக்கோணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மலை எந்த வடிவத்தில் இருந்தாலும் உச்சியில் நின்று பார்த்தால் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிகிறதே, அதே கதைதான், பல கிலோமீட்டர் நீளும் நிழலின் இரண்டு ஓரங்களும் கண்ணுக்குத் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன.

என்ன உடுப்பு போடணும்? அவ்வளவு குளிரா?

100 மீட்டர் ஏறினால் சுமார் 0.65 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் உச்சி கொழும்பை விடச் சுமார் 14 பாகை குளிர், அதோடு காற்று வேறு. ஊட்டி, நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள், யாழ்ப்பாணத்துக்காரர் பல் கிட்டிப்போவார்.

ஏறும்போது மெல்லிய சட்டை போதும், பத்தே நிமிடத்தில் வியர்க்கும். ஜேர்சியைப் பையில் வையுங்கள், போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். அப்புறம், மாற்றுச் சட்டை ஒன்று. உச்சிக்குச் சற்று முன் ஈரச் சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, அதன் மேல் ஜேர்சி, காதை மூடுகிற தொப்பி. இந்த ஒரு சட்டை மாற்றுகிற காரியத்தைச் செய்தவர்கள் குளிரைப் பற்றிப் பேசியதே இல்லை. உச்சியில் செருப்பு, சப்பாத்து கழற்ற வேண்டும், தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும், தடித்த காலுறை ஒரு சோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டோர்ச் தனியாக வேண்டும், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

சாப்பாடு, தண்ணி எல்லாம் தூக்கிட்டுப் போகணுமா?

சீசனில் ஒரு போத்தல் தண்ணீரும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் போதும். வழி நெடுக ரொட்டி, சம்பல், பிளேன் டீ கிடைக்கும். மேலே போகப் போக விலை கூடும், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு மூட்டை மாவும் ஆள் தூக்கித்தான் போகிறது. கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்து மறு கையால் கம்பியைப் பிடித்து, நம்மைக் கடந்து ஏறிப் போகிற பையனைப் பார்த்தால் டீ விலை சரியென்று படும். அநேகமாக அவன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையாக, தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவனாக இருப்பான்.

மது கூடாது, மாமிசமும் வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். இந்தக் காடு 2010ல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி, களனி கங்கையும் களு கங்கையும் இந்தப் பக்கம்தான் பிறக்கின்றன. நீங்கள் ஓடையில் வீசுகிற போத்தல் எங்கே போகும் என்று கொழும்புக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செருப்போட ஏறலாமா? எங்க தாத்தா வெறுங்காலோட ஏறினவராம்.

தாத்தாவின் கால் வேறு, நம் கால் வேறு. ஏறுவதற்குச் செருப்பே போதும், இறங்கும்போதுதான் விரல் முன்னால் தள்ளி வார் அறுக்கும். பழகிய சப்பாத்து, அடியில் பிடிப்பு இருக்க வேண்டும், புதிதாக வாங்கியதை அன்றைக்கென்று போடாதீர்கள். முக்கியமாக, முதல் நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். நகம் வளர்ந்திருந்தால் ஐயாயிரம் படிகளும் அதன் மேலேயே இறங்கும், நான் ஒரு பெருவிரல் நகத்தை அப்படித்தான் இழந்தேன்.

ஏறுறதுதானே கஷ்டம், இறங்குறதுக்கு என்ன?

இப்படிக் கேட்காத ஆளே இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும், நின்றாலும் சரியாகாது. படிகள் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றரையடி, கால் ஒரு தாளத்துக்குப் பழகவே முடியாது. பாதி வழியில் தொடை தானாக நடுங்கத் தொடங்கும், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் நடுங்கும்.

உயரமான படிகளில் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள், கம்பி இருக்கும் இடத்தில் பாரத்தைக் கைக்குக் கொடுங்கள், ஒரு தடி இருந்தால் ரொம்ப நல்லது. இளைஞர்கள் தடதடவென்று ஓடி இறங்குவதைப் பார்த்து நாமும் ஓடக் கூடாது. அவர்களில் பாதிப் பேர் சீத கங்குல ஓடையில் காலைத் தண்ணீரில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அங்கே அவர்களைத் தாண்டி நடப்பீர்கள்.

அம்மாவுக்கு 62, மகனுக்கு 6 வயசு. கூட்டிட்டுப் போகலாமா?

அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. எழுபது தாண்டிய சிங்கள ஆச்சிமார் ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடி ஏறுவதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அவர்களுடைய ரகசியம் அவசரம் இல்லாததுதான், மாலையில் தொடங்கி, வழியில் இருக்கும் அம்பலம் என்கிற தங்குமடம் ஒவ்வொன்றிலும் தங்கித் தங்கி ஏறுவார்கள். அம்மாவுக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்குங்கள், உதயத்தை மறந்துவிடுங்கள், முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் மட்டும் முந்தின பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

மகன் விஷயம் வேறு. ஏறுவான், உங்களை விட வேகமாக ஏறுவான், இறங்கும்போது தூங்கிவிடுவான். 20 கிலோப் பிள்ளையைத் தோளில் போட்டு ஒன்றரையடிப் படியில் இறங்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வழியின் தொடக்கப் பகுதியில் இருக்கிற ஜப்பான் சமாதானத் தூபிவரை போய் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அதுவரை ஏற்றமும் அவ்வளவாக இல்லை.

சீசன் முடிஞ்சா மலையைப் பூட்டிடுவாங்களா?

கதவு போட்டுப் பூட்டுவதில்லை, படி அங்கேயேதான் இருக்கிறது. இல்லாமல் போவது மற்றதெல்லாம். விளக்கு இல்லை, கடை இல்லை, கழிப்பறை வசதி இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை இந்த மலையின் முகத்திலேயே வந்து அடிக்கும். மஸ்கெலியாவில் நாங்கள் சின்ன வயதில் ஜூன், ஜூலையில் மலையைப் பார்த்த ஞாபகமே இல்லை, வாரக்கணக்கில் மேகத்துக்குள் இருக்கும்.

மலையில் நிதானமாகப் பெய்யும் மழையை விடக் காற்றோடு பெய்யும் மழைதான் ஆபத்து. மேல்பகுதியில் ஒதுங்க இடமில்லை, நனைந்த உடம்பில் காற்று அடித்தால் பதினைந்து பாகையிலும் கை விறைக்கும்.

அப்படியும் ஆஃப் சீசன்ல வெள்ளைக்காரங்க போறாங்களே? நாங்க போனா என்ன?

போகலாம், நானும் போயிருக்கிறேன். ஒரு ஆகஸ்ட், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஒரு காலை. படியில் பாசி வெல்வெட் மாதிரிப் படிந்து கிடந்தது, சீசனில் ஆயிரம் கால் தேய்த்து வெள்ளையாகக் கிடக்கிற அதே படி. பூட்டிய கடையின் தகரத்தில் சொட்டுகிற தண்ணீர், எங்கேயோ விழுகிற அருவி, அவ்வளவுதான் சத்தம். மேலேயிருந்து கீழே வரை நான் பார்த்த மனிதர்கள் நான்கு பேர். உச்சியில் பத்து நிமிடம் மேகம் விலகி, மவுசாகலை நீர்த்தேக்கம் துண்டு துண்டாகத் தெரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்னொரு தடவை போகச் சொன்னாலும் போவேன்.

ஆனால் முழுக்கப் பகலில் மட்டும். விடிந்த பிறகு ஏறி, இரண்டு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். தனியாகப் போகாதீர்கள், தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், நல்லதண்ணியில் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் இன்னும் நல்லது. சாப்பாடும் தண்ணீரும் நீங்களே தூக்க வேண்டும், மேலே சீசனுக்குச் சொன்ன பதில் இங்கே செல்லாது. காட்டில் சிறுத்தை இருக்கிறது என்பது உண்மைதான், எனக்கு அதை விடப் பாசிப் படிதான் பயம்.

அட்டை கடிக்குமா?

மழைக்காலத்தில் கடிக்கும். நல்லதண்ணி வழி பெரும்பாலும் சிமெந்துப் படி என்பதால் படியை விட்டுப் புல்லில் இறங்காதவரை குறைவு, இரத்தினபுரிப் பக்கத்து எரத்ன வழியில் தாராளம். பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும்போது ஒன்றைக்கூடப் பார்க்காமல் வரலாம்.

கடித்தால் வலிக்காது, காலுறை சிவந்த பிறகுதான் தெரியும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் அட்டை விழுந்த பிறகும் வெகுநேரம் கசியும், பார்க்கத்தான் பயங்கரம். நெருப்புக் குச்சி வைத்துச் சுடாதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பினால் விட்டுவிடும், பிறகு கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிட்டுக்கொள்வார்கள், அது இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஏப்ரல், அக்டோபர்ல இடி மின்னல் இருக்குமா?

இருக்கும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காலை பளிச்சென்று இருந்து, பிற்பகலில் திடீரென்று கறுத்து இடிக்கும். ஏப்ரல் சீசனுக்குள் வருவதால் புத்தாண்டு லீவில் நிறையப் பேர் மதியம் ஏறத் தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். செங்குத்துப் படியில் நீங்கள் பிடித்திருப்பது இரும்புக் கம்பி என்பதை மறக்காதீர்கள். இந்த மாதங்களில் மதியத்துக்குள் கீழே இருக்க வேண்டும், முழக்கம் கேட்டால் உச்சிக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடாமல் இறங்குங்கள்.

இரத்தினபுரிப் பக்கமா ஏறினா என்ன வித்தியாசம்?

அந்தப் பக்கம் இரண்டு பழைய வழிகள், ஒன்று பலாபத்தல வழி, மற்றது குருவிட்ட எரத்ன வழி. இரண்டுமே நல்லதண்ணியை விட மிகவும் தாழ்வான இடத்தில் தொடங்குவதால் ஏற்றமும் தூரமும் கூடுதல், காடும் அருவியும் கூடுதல். முதல் தடவைக்கு வேண்டாம். பழகியவர்கள் எரத்னயில் ஏறி நல்லதண்ணியில் இறங்குவார்கள், அப்படிப் போவதென்றால் வாகனத்தை எந்தப் பக்கம் விடுவது என்று யோசித்துவிட்டுப் போங்கள். ஒரு நண்பர் குழு யோசிக்காமல் போய், மலையைச் சுற்றி பஸ் மாறி மாறி அடுத்த நாள்தான் வேனிடம் போய்ச் சேர்ந்தது.

மேலே இருக்கிறது யாரோட பாதம்? சிவனா, புத்தரா?

நாம் சிவனொளிபாதம் என்கிறோம், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்று புத்தரின் பாதமாக வணங்குகிறார்கள், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். மொரோக்கோவிலிருந்து இபின் பதூதா 1344ல் இங்கே ஏறியிருக்கிறார், சங்கிலி பிடித்து ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். படியில் யாரும் உங்களிடம் மதம் கேட்க மாட்டார்கள். இறங்கி வருபவர்கள் ‘கருணாவாய்’ என்பார்கள், நீங்களும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது, எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை என்றால் ஒன்று. பாதம் இருக்கும் இடத்தில் போட்டோ எடுக்க விட மாட்டார்கள், கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்ட்டு வந்துடலாமா?

வரலாம், நிறையப் பேர் வருகிறார்கள், எனக்குப் பிடிக்காது. வெள்ளி மாலை வேலை முடித்து வேனில் கிளம்பி, இரவு முழுக்க ஏறி, காலையில் இறங்கி, அதே ஆள் வேனை ஓட்டிக்கொண்டு திரும்புவதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி. அட்டன் வளைவுகளில் ஓட்டுகிறவர் தூங்கிவிழுவதோடு ஒப்பிட்டால் மலை ஒன்றுமே இல்லை. ஏறாத சாரதி ஒருவர் இருக்க வேண்டும், அல்லது அட்டன்வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வாருங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நல்லதண்ணியில் மதியத்துக்குப் பிறகு தூங்கிவிட்டு, அடுத்த நாள் மஸ்கெலியாவில் மவுசாகலை ஓரமாக நில்லுங்கள். நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா அதற்குள் மூழ்கிப்போனது, கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும்.

பாதி ஏறின பிறகு மழை பிடிச்சா என்ன செய்றது? இவ்வளவு தூரம் வந்துட்டோமே?

சீசனில் என்றால் ஒரு கடைக்குள் ஒதுங்கி அரை மணி நேரம் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். சீசன் இல்லாத நேரத்தில் காற்றும் சேர்ந்து அடித்தால் திரும்பிவிடுங்கள். ஏறும்போது வழுக்கிய படி, மழைக்குப் பிறகு இறங்கும்போது இரண்டு மடங்கு வழுக்கும்.

நான் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன். இரண்டாவது தடவை உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான், கூட வந்த மச்சான் கொழும்பிலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்தவன். மகாகிரிதம்ப அடியில் படியில் தண்ணீர் ஓடை மாதிரி இறங்குவதைப் பார்த்து நின்றேன். ‘அத்தான், இன்னும் கொஞ்சம்தானே’ என்றான். பதில் சொல்லாமல் திரும்பி நடந்தேன், கீழே வரும்வரை என்னோடு பேசவில்லை. நல்லதண்ணியில் டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்து, அடுத்த பிப்ரவரியில் போயா என்றைக்கு என்று கேட்டான். அந்தத் தேதிக்கு ஆறு நாள் தள்ளி ஒரு புதன்கிழமை போனோம்.